கரிசல் ரோட்டில் ஒரு மழைக் காட்சி

அக்டோபர் 5, ஞாயிறு

ஓட்டப்பந்தய வீரன் ஒருவனைப் பற்றிய ஆவணப்படம் பார்த்தேன். ஒரு மணி நேரப் படத்தில் அவன் ஓடியது பத்து வினாடி இருக்கும். மீதி நேரமெல்லாம் இருட்டறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நம்மைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசுகிறான். நடுநடுவே ஆகாயத்திலிருந்து அவன் ஊரைக் காட்டுகிறார்கள். ஊரை ஊர்க்காரன் பார்க்கிற மாதிரி காட்டினால் என்ன கெட்டுப்போகும்? அவன் அம்மா வரும்போதெல்லாம் வயலின் அழுகிறது. அந்த அம்மாள் படம் முழுக்க விறகடுப்பை ஊதிக்கொண்டே இருக்கிறாள். பின்னால் பார்த்தால் சிவப்பு சிலிண்டர்! மேலே ஒரு பழைய சேலையைப் போட்டு மூடியிருக்கிறார்கள், அதையும் ஒழுங்காக மூடவில்லை. சீ என்று ஆகிவிட்டது.

இதெல்லாம் எனக்குத் தேவையா என்றால், தேவைதான். மகள் பொன்ரேகா நேற்று பெங்களூர் கேம்ப்பிலிருந்து போன் பண்ணினாள். அவளை வைத்து ஆவணப்படம் எடுக்கப்போகிறார்களாம். இந்திய ஹாக்கி அணியின் கோல்கீப்பர் கரிசல்காட்டு ஊரில் எப்படி வளர்ந்தாள் என்று காட்ட, சென்னையிலிருந்து ஆட்கள் நம் வீட்டுக்கே வருவார்களாம். "அம்மாவப் பத்தித்தான் எடுக்கணும்னு சொல்லியிருக்கேன்ப்பா. அவதான் எட்டு வருஷம் டி.வி.எஸ். வண்டில வச்சு என்னை கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போனா. அது கண்டிப்பா படத்துல வரணும்" என்றாள்.

வரட்டும், நியாயம்தானே. கோல்கீப்பர் காலில் கட்டுகிற மெத்தைக் கட்டைகளும் மார்புக் கவசமும் அடைத்த பை ஓர் ஆள் உயரம். எந்த பஸ் கண்டக்டரும் ஏற்றமாட்டான். என் மனைவி சண்முகக்கனிதான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, பையை முன்னால் நிறுத்தி, பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோவாள். நான் அப்போது மலைமேல் ராணுவ லாரி ஓட்டினேன். ஓய்வுக்குப் பிறகு கோயம்புத்தூரில் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு நின்றேன். என் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். மனைவி ஊரான இங்கே வீட்டோடு வந்து சேர்ந்தது போன சித்திரையில்தான்.

ஆனால் சண்முகக்கனிக்குப் பேச வராது. ஒரு கேள்விக்கு ஒரு பதில், அதுவும் பாதி. இந்தப் படக்காரர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று வீட்டில் ஒருவராவது தெரிந்து வைத்திருக்க வேண்டாமா? அதனால்தான் பார்க்கிறேன்.

அக்டோபர் 8, புதன்

இரவெல்லாம் மழை. பால்காரர் கொண்டையா இன்று மோட்டார் சைக்கிளைத் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, கேனைத் தோளில் சுமந்துகொண்டு கண்மாய்க்கரை மண் ரோட்டில் நடந்து வந்தார். பால் அரை மணி நேரம் தாமதம். ஒரு மழைக்கே இவ்வளவு சொகுசு. நான் பனிக்கட்டி மேல் சங்கிலி கட்டி லாரி ஓட்டியவன். அவரிடம் அதைச் சொல்லவும் செய்தேன். சிரித்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 12, ஞாயிறு

இந்த வாரம் மூன்று ஆவணப்படங்கள். ஒரு பளுதூக்கும் பெண், ஒரு மல்யுத்தக்காரன், ஒரு கால்பந்துக்காரன். மூன்றும் ஒரே படம். முகத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

இவர்களுக்குத் தெரிந்த அப்பாக்கள் மூன்று வகை. மாட்டை விற்று ஷூ வாங்கிக் கொடுத்த அப்பா, "போகாதே" என்று கதவைச் சாத்திய அப்பா, செத்துப்போன அப்பா. மூன்றாம் வகையைத்தான் நன்றாகக் காட்டுகிறார்கள். மாலை போட்ட போட்டோவை வசதிக்குத் தக்கபடி திருப்பிக்கொள்ளலாம், அது எதிர்த்துப் பேசாது. அம்மாக்கள் ஒரே வகை. அடுப்படி வகை.

பளுதூக்கும் பெண் அழும்போது கேமரா நகரவே மாட்டேன் என்கிறது. மூக்கைத் துடைத்துக்கொள்ளக்கூட ஒரு நிமிஷம் விடவில்லை. ஒரு மனுஷி அழுதால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மரியாதை இவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. எனக்கு அருவருப்பாக இருந்தது. கடைசிவரை பார்த்தேன்.

அக்டோபர் 15, புதன்

நீச்சல் வீராங்கனை படம். தண்ணீருக்குள் அவள் மூச்சுவிடும் சத்தமே பாதிப் படம். நிறுத்திவிட்டு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

டி.வி.யில் போர்ப் படம் போட்டார்கள். போன வருஷம் எல்லோரும் தலையில் தூக்கிவைத்து ஆடிய படமாம். மூன்று மணி நேரம், விளம்பரத்தோடு நாலரை. எழுந்திருக்காமல் பார்த்தேன், வயிறெரிந்ததுதான் மிச்சம்.

ஒரு மலை உச்சியைப் பிடிக்கிற கதை. கதாநாயகன் பனியில் சட்டையைக் கழற்றுகிறான். அந்தக் குளிரில் சட்டையைக் கழற்றுகிறவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம், மலைக்கு அனுப்பமாட்டோம். பனி என்று உப்பைக் கொட்டியிருக்கிறார்கள். சுடுவதற்கு முன்னால் ஒவ்வொருத்தனும் ஒரு பக்கம் வசனம் பேசுகிறான். எதிரி வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறான்.

அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். படம் முழுக்க ஒருத்தன்கூடச் சாப்பிடவில்லை. அத்தனை பேர் வாரக்கணக்கில் மலையில் கிடக்கிறார்கள், அரிசி எங்கிருந்து வந்தது? மண்ணெண்ணெய் எங்கிருந்து வந்தது? குண்டு தானாக ஏறி வந்ததா? ஒரு லாரி இல்லை. ஒரு கோவேறு கழுதை இல்லை. ஒரு சமையல்காரன் இல்லை. விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம் என்று நாங்கள் ஓட்டிப்போனோமே, எங்களில் ஒருவனாவது தலையைக் காட்டக் கூடாதா? என்னோடு ஓட்டிய ஒருவன் லாரியோடு பள்ளத்துக்குள் போனான். அவனுக்கு வயலினும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கொண்டுபோய்ச் சேர்த்தவனை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தவனை மட்டும் காட்டுகிற படம் பொய்ப் படம். இதை டி.வி.க்கு முன்னால் நின்று சத்தமாகவே சொன்னேன்.

சண்முகக்கனி முறுக்குத் தட்டோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாள். கதாநாயகனின் மனைவி வாசல்படியில் நின்று ரோட்டையே பார்க்கிற காட்சி நாலாவது தடவையாக வந்தது. "இந்தப் பிள்ள ரேஷன் கடைக்குப் போகாதா? எந்நேரமும் வாசல்லயே நிக்கிதே" என்றாள். பிறகு எழுந்துபோய்விட்டாள். அவளுக்கு சினிமா பிடிபடாது.

அக்டோபர் 27, திங்கள்

படக்காரர் வந்தார். ஆதர்ஷ் என்று பெயர், பொன்ரேகாவைவிட ஓரிரண்டு வயது கூட இருக்கலாம். வந்ததும் வாசலில் நின்று கட்டை விரல்களையும் சுட்டு விரல்களையும் சேர்த்துச் சட்டம் மாதிரி வைத்து வீட்டைப் பார்த்தார். போன வருஷம் அடித்த பச்சைப் பெயின்ட் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று வருத்தப்பட்டார். என் வீட்டுப் பெயின்டுக்கு இவர் வருத்தப்படுகிறார்!

நான் பார்த்த ஆவணப்படங்களைப் பற்றி என் கருத்துகளைச் சொன்னேன். நாற்காலி, வயலின், சிலிண்டர், எல்லாம். பையன் வாயடைத்துப்போனார். "சார், நீங்க சூப்பரா பேசுறீங்க. உங்க குரலும் கம்பீரமா இருக்கு" என்றார். அப்படி ஒன்றும் இல்லை. ராணுவத்தில் சத்தமாகப் பேசிப் பழக்கம், அவ்வளவுதான்.

மாடத்தில் இருந்த என் ராணுவப் போட்டோவை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். சண்டை போட்டீர்களா என்று கேட்டார். லாரி ஓட்டினேன் என்றேன். "பார்டர்லதானே சார்?" என்றார். ஆமாம், பார்டரில்தான்.

போகும்போது, அம்மாவின் கால் ஏன் அப்படி இழுக்கிறது என்று கேட்டார். நானே சொன்னேன். பொன்ரேகா சின்னவளாக இருந்தபோது சண்முகக்கனி ஒருநாள் டி.வி.எஸ். வண்டியிலிருந்து விழுந்துவிட்டாள். நான் மலைமேல் இருந்தேன். போனில் லேசான சுளுக்கு என்றாள். லீவில் வந்து பார்த்தால் கணுக்கால் கோணலாகச் சேர்ந்திருந்தது. பார்த்து ஓட்டக் கூடாதா என்று திட்டினேன். என் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இவள் அந்தச் சின்ன வண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

நவம்பர் 1, சனி

முடி வெட்டிக்கொண்டேன். மீசைக்குக் கொஞ்சம் மை. கேமராவில் நரை திட்டுத்திட்டாகத் தெரியும் என்று கடைக்காரன்தான் சொன்னான்.

நவம்பர் 2, ஞாயிறு

காலையிலிருந்து படப்பிடிப்பு. வீடு சந்தைக்கடையாகிவிட்டது. ஒயர் தடுக்கி இரண்டு முறை விழப்பார்த்தேன்.

முதலில் சண்முகக்கனியை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பிள்ளையை எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்டார் ஆதர்ஷ். "கூட்டிட்டுப் போனேன், கூட்டிட்டு வந்தேன்" என்றாள். தோற்றுவிட்டு வந்த நாட்களில் பிள்ளைக்கு என்ன சொல்லித் தேற்றினீர்கள் என்று கேட்டார். "காலக் கழுவிட்டு வந்து சாப்புடுன்னு சொல்லுவேன்" என்றாள். கனவு இருந்ததா என்று கேட்டார். அதற்கு அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம், உலையில் அரிசி போட்டிருக்கிறேன் என்று எழுந்துவிட்டாள்.

ஆதர்ஷ் என்னை ஓரமாகக் கூட்டிப்போய், ஃபீலே வரவில்லை என்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. படம் நின்றுபோனால் பொன்ரேகாவுக்குத்தானே நஷ்டம்? அதனால் நான் உட்கார்ந்தேன். அதே நாற்காலி. ஜன்னலைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன். விளக்குச் சூட்டில் வியர்த்தாலும் நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். அதிகாலையில் பிள்ளையை எழுப்புவதிலிருந்து, பையைக் கட்டுவது, வண்டியில் கொண்டுபோவது, கட்டைகளை மொட்டைமாடியில் காயப்போடுவது வரைக்கும் சொன்னேன். போனில் கேட்டதெல்லாம் நினைவிருக்கிறதே. "கொண்டுபோவோம்" என்றுதான் சொன்னேன். பொய் எதுவும் சொல்லவில்லை. கட் என்றதும் ஒரு பெண் கைதட்டினாள்.

பிறகு சண்முகக்கனியை அடுப்படியில் எடுத்தார்கள். கேஸ் அடுப்பு வேண்டாமாம், கொல்லையில் வெந்நீர் போடும் விறகடுப்பைக் கேட்டார்கள். சிலிண்டரை நானே தூக்கிக்கொண்டுபோய் உள்ளறையில் வைத்தேன். அந்த ஓட்டக்காரன் வீட்டில் நடந்த தப்பு இங்கேயும் நடந்தால் அசிங்கம்.

நவம்பர் 3, திங்கள்

இன்று வண்டிக் காட்சி. ஊர் ஆட்கள் எழுந்திருக்கும் முன்பே எடுக்க வேண்டும் என்று விடியும்போதே போய்விட்டோம். ஊருக்கு மேற்கே கண்மாய்க்கரைப் பக்கமாகப் போகிற மண் ரோடு. இரண்டு பக்கமும் பனை, நடுவில் கறுப்பாக ரோடு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இதுவும் கிரவுண்டுக்குப் போகிற வழிதானா என்று ஆதர்ஷ் கேட்டார். இதிலும் போகலாம் என்று சண்முகக்கனி சொன்னாள்.

ஒரு வாரமாக மழை இல்லை. ரோடு காய்ந்து கிடந்தது. ஆதர்ஷ் தண்ணீர் லாரி கொண்டுவந்திருந்தார். குழாயை மேலே பிடித்து அடித்ததும் அசல் மழை மாதிரியே விழுந்தது. பொன்ரேகா சின்ன வயதில் இருந்தது போல ஒரு சிறுமியை எங்கிருந்தோ பிடித்து வந்திருந்தார்கள். பழைய டி.வி.எஸ். நம் வீட்டு வண்டியேதான். பையை முன்னால் நிறுத்தி, சிறுமியைப் பின்னால் ஏற்றியாகிவிட்டது.

சண்முகக்கனி வண்டியைப் பிடித்தாள். மழையை அடித்தார்கள். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் ஸ்டாண்டைப் போட்டு இறங்கி, "இந்த ரோட்டுல வேண்டாம்" என்றாள்.

கேமராவுக்குப் பயந்துவிட்டாள். இத்தனை பேருக்கு முன்னால் எனக்கு மானம் போனது. எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் லாரிக்கு நேரம் ஆகிறது, வெயில் ஏறிவிடும் என்று ஆதர்ஷ் கையைப் பிசைந்தார். அம்மா வண்டியில் ஏறுவதும் கொஞ்சம் தடுமாற்றமாக இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்து, "சார், நீங்க டிரைவர்தானே?" என்றார்.

ஓட்டினேன். என் பழைய ராணுவ ஸ்வெட்டரைப் போடச் சொன்னார்கள். அது எப்படியோ வீட்டிலிருந்து வந்திருந்தது. நான்தான் ராத்திரி பையில் வைத்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று. பனை வரிசையில் ஒரு சின்ன தூரம், போய்த் திரும்பி, போய்த் திரும்பி, ஏழெட்டுத் தடவை. வண்டி வழுக்கவே இல்லை. இதற்கா பயந்தாள்? இது ஒரு குறியீடு சார் என்றார் ஆதர்ஷ். யார் ஓட்டினார்கள் என்பது முக்கியம் இல்லையாம், பெற்றோரின் உழைப்புதான் முக்கியமாம். அவர் சொல்வதும் சரிதான்.

நவம்பர் 4, செவ்வாய்

முதுகு பிடித்துக்கொண்டது. சண்முகக்கனி தைலம் தேய்த்துவிட்டாள். நேற்றைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான்.

நவம்பர் 21, வெள்ளி

ஒரு குத்துச்சண்டைக்காரனின் ஆவணப்படம். வெளிநாடு. மற்றதைப் போல அவ்வளவு மோசமில்லை. அவன் அப்பா நன்றாகப் பேசினார். பேச்சில் ஒரு நிதானம், ஒரு கண்ணியம். ஆனால் ஜன்னல் பக்கம் தலையை ரொம்பத் திருப்பிவிட்டார், காதுதான் தெரிந்தது. நான் அந்த அளவுக்குத் திருப்பவில்லை.

டிசம்பர் 10, புதன்

பொன்ரேகாவுக்குப் படத்தை அனுப்பியிருக்கிறார்கள் போலிருக்கிறது. எனக்கு அனுப்பவில்லை. அவள் என் நம்பருக்குக் கூப்பிடாமல் அவள் அம்மா நம்பருக்குக் கூப்பிட்டாள். சண்முகக்கனி போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள்.

துணி எடுக்கப் போனபோது காதில் விழுந்ததுதான். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. "நீ ஒண்ணும் மாத்தச் சொல்லாத. அவுக ஆசையா இருக்காக. விட்ரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பொன்ரேகா சத்தம் போடுவது கேட்டது. "எனக்கென்னடி, நான் போய்ட்டு வந்தது எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும்" என்றாள்.

யாருக்கு என்ன ஆசை என்று எனக்குப் புரியவில்லை. சாப்பிடும்போது கேட்டேன். ஒன்றுமில்லை என்று ரசம் ஊற்றினாள். நான் திருப்பிக் கேட்கவில்லை.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

இன்று படம் வெளியானது. கொண்டையாவையும் தெருக்காரர்களையும் நானே போய்க் கூப்பிட்டேன். வீடு நிறைந்துவிட்டது. சண்முகக்கனி எல்லோருக்கும் பொங்கல் கொடுத்துவிட்டு, நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

ஆகாயத்திலிருந்து எங்கள் ஊர். பரவாயில்லை. பொன்ரேகா கோல் தடுக்கிற காட்சிகள் நன்றாக இருந்தன. என் பிள்ளை என்பதற்காகச் சொல்லவில்லை. அப்புறம் நான். நாற்காலியில், ஜன்னலைப் பார்த்தபடி. கீழே எழுத்து ஓடியது, "எல்லையில் போரிட்ட வீரர்" என்று. நான் போரிட்டேன் என்று சொல்லவே இல்லை. தெருக்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் டி.வி.யையே பார்த்தேன்.

சண்முகக்கனி ஒரே ஒரு காட்சியில் வந்தாள். விறகடுப்பை ஊதினாள், வயலின் வாசித்தார்கள். சிலிண்டர் தெரியவில்லை.

கடைசியில் மழைக் காட்சி. பனை வரிசை, கறுத்த ரோடு, கொட்டுகிற மழை. ராணுவ ஸ்வெட்டரோடு நான், பின்னால் சிறுமி. ஒரு குரல் சொன்னது, எல்லையில் எதிரியைத் தடுத்தவர் மகளுக்கு கோல் தடுக்கக் கற்றுக்கொடுத்தார், மழையோ புயலோ ஒருநாளும் நின்றதில்லை இந்தத் தந்தையின் வண்டி என்று. படம் முடிந்தது.

யாரும் கைதட்டவில்லை. கொண்டையாதான் பேசினார். கேலி பண்ணுகிற ஆள் இல்லை, நிஜமாகவே சந்தேகம் அவருக்கு. "அண்ணாச்சி, மழைக்குள்ள இந்த ரோட்டுலயா வண்டி ஓட்டுனீங்க? எங்களுக்கெல்லாம் நாலடி போகவிடாதே. கரிசல் மண்ணு மட்காட்டுல அப்பி, சக்கரத்தக் கவ்விப் பிடிச்சிருமே" என்றார். யாரோ ஒரு பொம்பளை சிரித்தாள், சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். எல்லோரும் நிலைப்படியைப் பார்த்தார்கள்.

சண்முகக்கனி, "அது தண்ணி லாரில அடிச்ச மழ. மேல்மண்ணு மட்டுந்தான் நனஞ்சிருந்துச்சு" என்றாள். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கொண்டையா மழைக்கு வண்டியைத் தார் ரோட்டில் விட்டு நடந்து வந்தது எதற்கு என்று இன்றுதான் எனக்குத் தெரிகிறது. கரிசல்காட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அந்த மழைக் காட்சியைப் பார்த்த மாத்திரத்தில், இந்த ஆள் ஒரு நாள்கூடப் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டதில்லை என்று, எங்களை அறியாத கரிசல்காட்டுக்காரர்களுக்கும் தெரிந்துபோயிருக்கும்.

ஜனவரி 16, வெள்ளி

ஆதர்ஷுக்குப் போன் பண்ணி, அந்தக் காட்சியை எடுத்துவிடச் சொன்னேன். முடியாதாம், ட்ரெய்லரே அதுதானாம், நிறைய பேர் அழுதுவிட்டார்களாம். வண்டி ஓட்டியது என் மனைவி என்றாவது எழுத்துப் போடுங்கள் என்றேன். "யாரு கொண்டுபோய் விட்டாங்கங்கிறது பெரிய விஷயமே இல்ல சார். அவங்க போய்ச் சேர்ந்தாங்கல்ல, அதுதான் கதை" என்றார்.

போனை வைத்துவிட்டேன். தீபாவளிக்கு இதே டி.வி. முன்னால் நின்று லாரிக்காரன் எங்கே என்று கத்தினேன். அந்தப் பையனை எந்த வாயால் திட்டுவது? மீசையைக் கத்தரித்துவிட்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு

காலையில் டி.வி.எஸ். வண்டியை வெளியே எடுத்துத் துடைத்தேன். சண்முகக்கனியிடம், நீ வழக்கமாகப் போகிற வழியில் என்னைக் கிரவுண்டுக்குக் கூட்டிப்போ என்றேன். எதற்கு என்று கேட்டாள். பார்க்க வேண்டும் என்றேன். நீங்களே ஓட்டுங்க, நான் வழி சொல்கிறேன் என்று பின்னால் ஏறினாள். காலைத் தூக்கிப் போட அவளுக்கு நேரமானது. நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தார் ரோட்டில் ஏறி, தீப்பெட்டி ஆபீஸ் தாண்டி, இடது பக்கம் திரும்பச் சொன்னாள். மழைநாளில் எப்போதும் இந்த வழிதானாம், சுற்று அதிகமாம். ரயில்வே கேட் வந்தது. மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி, பெட்டி பெட்டியாக வந்துகொண்டே இருந்தது.

"அன்னைக்கும் இப்படித்தான் கூட்ஸு நின்னுக்கிட்டுக் கெடந்துச்சு" என்றாள்.

என்றைக்கு என்று கேட்டேன்.

"கால் ஒடஞ்ச அன்னைக்கு. மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்குறாக, நல்ல மழ, கேட்ட தொறக்கவே மாட்டேங்கிறான். புள்ள அழுகுது. சரி, ஒரு நாளைக்குத்தானன்னு வண்டியத் திருப்பிக் கண்மாய்க்கரை மண் ரோட்டுல விட்டேன். பனமரத்துக்கிட்ட சக்கரத்தக் கவ்விருச்சு. நான் அந்தப் பக்கம், வண்டி என் கால் மேல."

வண்டியின் கைப்பிடியை விட்டு நான் கையை எடுக்கவில்லை. பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்டேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, கால் கட்டைப் பைமேல் விழுந்தாள் என்றாள்.

"ஒரு டிராக்டரு வந்துச்சு. அவன் என்னயத்தான் தூக்க வந்தான். நான், புள்ளையையும் பையையும் மொதல்ல கிரவுண்டுல கொண்டுபோய் விடுங்க, நேரமாவுதுன்னேன். திரும்பி வரும்போது என்னய ஏத்திக்கிட்டான்."

அதுவரைக்கும் எங்கே இருந்தாய் என்று கேட்டேன்.

"எங்க போக? அங்கனயே கெடந்தேன்."

இதை ஏன் படக்காரனிடம் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டேன். அந்த மழைக்கு நடுவே ரோட்டில் நின்று அவள் சொன்னாள்தானே, இந்த ரோட்டில் வேண்டாம் என்று. ஏன் வேண்டாம் என்று பக்கத்தில் நின்ற நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மானம் போகிறது என்று ஸ்வெட்டரை மாட்டினேன். கேட் திறந்ததும் எடுங்கள் என்றாள், எடுத்தேன்.

இத்தனை படங்களைப் பற்றி எழுதினேன், இந்தப் படத்தைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். பொன்ரேகா வருகிற இடங்களை மட்டும் பார்க்கலாம். அந்த மழைக் காட்சியில் வண்டி ஓட்டுகிறவனைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவள் கால் உடைந்து சேற்றில் கிடந்த இடத்தின் மேல் அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே, ஏழெட்டுத் தடவை போய்த் திரும்புகிறான்.